சின்னம்மா கற்ற ஒரே வினைச்சொல்

அப்பாவின் ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் மிகச் சிலவே இருந்தன. அதை அவர் ஒருபோதும் குறையாகக் கருதியதில்லை. கொச்சிக்கடையில், துறைமுகத்து மதிலுக்கு எதிரே, கப்பலில் வந்த சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் அவர் எழுதுவினைஞராக இருந்தார். கிரேக்க மாலுமிகளும் கொரியப் பொறியியலாளர்களும் அவரோடு ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். அவர்களுடைய ஆங்கிலமும் அப்பாவினுடையதைப் போலவே ஒட்டுப்போட்டது. அந்த அனுபவத்திலிருந்து அவர் ஒரு கோட்பாட்டை உருவாக்கி வைத்திருந்தார். ஆங்கிலத்தில் எத்தனையோ வினைகள் இருக்கலாம்; அவை புத்தகம் எழுதுகிறவர்களுக்கு உரியவை. வேலைக்குப் போகிற மனிதனுக்கு ‘கெட்’ ஒன்று போதும்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது அவர் இதை விரல் மடித்து நிறுவுவார். காலையில் எழும்புவது கெட். பஸ்ஸில் ஏறுவதும் இறங்குவதும் அதே கெட். மழையில் நனைவது, காய்ச்சல் பிடிப்பது, மருந்து வாங்குவது, சுகமாவது, சொன்னது விளங்குவது, நேரம் பிந்துவது, பிந்தியதற்காக முதலாளி கோபப்படுவது, கடைசியில் கல்யாணம் முடிப்பது, எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஒரு சொல்லை வைத்தால் மாலுமிக்கு விளங்கிவிடும்.

“இந்தச் சொல்லைப் பறிச்சுப்போட்டா வெள்ளைக்காரன் படுக்கையால எழும்பமாட்டான்” என்பார்.

“அவன் எழும்பாட்டி உங்களுக்கென்ன? சோறு ஆறுது” என்பார் அம்மா.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்புக்குப் போய்வந்ததனால், அப்பாவுக்குத் தெரியாத கெட்கள் சில என்னிடம் இருந்தன. அவற்றைச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாக வெளியிடுவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இரகசியம் கசிவதும் கெட், துன்பத்தில் மாட்டுவதும் கெட், மாட்டிய இடத்திலிருந்து தப்புவதும் கெட் என்று நான் அறிவித்த நாளில், அப்பா அம்மாவைப் பார்த்து, “கேட்டீரா? நான் சொன்னது சரியாப் போச்சு” என்றார்.

சின்னம்மா எங்களிடம் வந்து சேர்ந்தது இந்தக் காலத்தில்தான். யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை மூடியிருந்தது. அம்மாவின் ஒரே தங்கையான அவர், கப்பலில் திருகோணமலைக்கும் அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்குமாக வந்து, வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் முன்னறையில் ஒரு பயணப்பையோடு இறங்கினார். கனடாவில் இருந்த ஒருவருக்கு அவரைப் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்ததில் பெரும் பங்கு அப்பாவினுடையது. மாப்பிள்ளை அவரை ‘எடுக்கிறார்’ என்று எல்லோரும் சொன்னார்கள். எடுப்பதற்குத் தூதரகம் சம்மதிக்க வேண்டும் என்பது மட்டுமே மிச்சம். வீட்டில் யார் வந்து தங்கினாலும் பொலிஸில் கொடுக்க வேண்டியிருந்த விபரப் படிவத்திலும், வந்த காரணம் என்ற இடத்தில், வெளிநாட்டுப் பயணம் என்றே அப்பா எழுதினார். ஊரில் செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது இந்தக் கல்யாணத்தை எல்லோரும் கல்யாணமாகப் பார்க்கவில்லை, கரைசேர்வதாகவே பார்த்தார்கள். கரைக்கு வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

எங்கள் வீட்டில் தொலைபேசி இருக்கவில்லை. ஞாயிறு மாலைகளில் சின்னம்மாவும் நானும் காலி வீதியில் இருந்த ஒரு கொமியூனிகேஷன் கடைக்குப் போவோம். சுவரோடு கண்ணாடிக் கூடுகள் வரிசையாக நிற்கும். அவற்றின் கதவுகள் எதுவும் முழுதாகச் சாத்தாது. உள்ளே ஒருவர் அழுதால் வெளியே வாங்குப் பலகையில் இருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கடைக்கார நானா, “தங்கச்சி, கனடா லைன்ல” என்று குரல் கொடுத்ததும் சின்னம்மா கூட்டுக்குள் போவார். அவருடைய பாவாடையைப் பிடித்தபடி நானும் போவேன். மாப்பிள்ளை நிறையப் பேசினார். எல்லாவற்றுக்கும் சம்மதமாகச் சின்னம்மா பேசியது ஒரே சொல்தான்: ஓம். அதைத் தாழ்த்தியும் நீட்டியும் சில வேளை இரட்டித்தும் சொன்னார். வாங்கில் இருந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்களுக்கும் அந்த ஓம் கேட்டது, பிடித்தும் இருந்தது. அடக்கமான பிள்ளை என்று அம்மாவிடம் வந்து சொன்னார்கள்.

ஒரு ஞாயிறு, மாப்பிள்ளை ரிசீவரை என்னிடம் கொடுக்கச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து ஒருவர் என்னோடு பேச விரும்பியது அதுவே முதல் தடவை.

“பிள்ளை, நேற்றுப் பின்னேரம் சின்னம்மாவோட எங்கை போனனீங்கள்?”

“கடற்கரைக்கு. சின்னம்மா தண்ணிக்குள்ள இறங்கினவா.”

“அப்பிடியோ. ஆரார் நிண்டவை அங்கை?”

“நிறையப் பேர்” என்றேன் மகிழ்ச்சியோடு.

பிறகு ரிசீவர் சின்னம்மாவின் காதுக்குப் போனது. அன்று ஓம்கள் கூடுதலாக இருந்தன. கடைசி ஓமுக்கு முன்னால், “இனிப் போகேல்ல” என்ற இரண்டு சொற்களும் வந்தன. எங்கள் ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதை. அதைத் தாண்டினால் கற்களும் கடலும். அந்த ஞாயிறுக்குப் பிறகு சின்னம்மா ரயில் பாதையைத் தாண்டவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பின்னேரத்தில் என்ன வெயில் என்று நான் கேட்டதாக நினைவில்லை.

தூதரகத்து நேர்முகத்துக்குத் திகதி வந்தபோது அப்பா இன்னொரு நற்செய்தியையும் மீன் கடையிலிருந்து கொண்டுவந்தார். சின்னம்மா திருவுபலகையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“பயப்பிடத் தேவையில்லை, பிள்ளை. அங்கை தமிழை இங்கிலிசாக்கிற மனுசன் எங்கட பின் ஒழுங்கையில இருக்கிறவர்தான். இப்பத்தான் கண்டு கதைச்சனான். நல்ல மனுசன். எங்கட வீட்டு ஆள் மாதிரி.”

அம்மா மேலே பார்த்துக் கும்பிட்டார். சின்னம்மாவின் கை சற்று நின்று மீண்டும் துருவியது.

“அப்ப நான் சொல்லுறதெல்லாம் அவருக்குக் கேக்கும், என்ன அத்தான்?”

“கேக்காம எப்பிடி இங்கிலிசாக்கிறது?” என்று அப்பா சிரித்தார்.

மறுநாள் பாடசாலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த என் முன்னால் சின்னம்மா வந்து குந்தினார். “குஞ்சு, கொப்பான்ர அந்தக் கெட்டை எனக்கு வடிவாச் சொல்லித் தாறியா?”

அதுவரை அவர் அப்பாவின் கோட்பாட்டைக் கேட்டுச் சிரித்தவர்தான். இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையின் தீவிரத்தோடு கேட்டார். இந்த மாற்றத்துக்கு நான் உடனே ஒரு காரணம் கண்டேன். நேர்முகத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசி அதிகாரியைத் திகைக்க வைக்கப்போகிறார். அதற்கு என்னைத் தெரிந்தெடுத்திருக்கிறார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அம்மாவின் தையல் மெஷின் அதிகாரியின் மேசையானது. கண்ணாடி இல்லாத அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை அணிந்துகொண்டு நான் அதன் பின்னால் இருந்தேன். எத்தனை மணிக்கு எழும்புவீர், பஸ்ஸில் எங்கே இறங்குவீர், எப்போது கோபம் வரும் என்று கேள்விகளைக் கெட்டில் தொடுத்தேன். பிழைவிட்டால் அடிமட்டத்தால் மெஷினில் தட்டினேன்.

“ஒபிசர், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வரட்டோ?”

“கெட் போட்டுக் கேளுங்கோ.”

“கேன் ஐ கெட் எ டீ?”

“நோ. யூ கெட் பெயில்” என்றேன். சின்னம்மா சிரித்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்ததை நான் பார்த்ததில்லை.

எதிர்மறையைப் பழக்குவது எங்கள் பேச்சு வகுப்பின் முறை. ஒரு வாக்கியத்தை ஆசிரியை சொன்னால் நாங்கள் அதற்கு ‘டோன்ட்’ சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். நானும் அதையே செய்தேன். நான் நனைகிறேன் என்றால் அவர் நனைவதில்லை என்பார். நான் கோபப்படுகிறேன் என்றால் அவர் கோபப்படுவதில்லை என்பார். அப்படியே, கல்யாணம் முடிக்க விரும்புகிறேன் என்று ஒரு நாள் சொன்னேன்.

“ஐ டோன்ட் வான்ட் டு கெட் மெரிட்” என்றார் சின்னம்மா.

உச்சரிப்பு அவ்வளவு சுத்தமாக இருந்ததால் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“என்னடி அங்கை ஒரே டோன்ட், டோன்ட்?”

“பயிற்சி, அக்கா.”

“நல்லதாப் பாத்துப் பயிற்சி எடன். போய் ஓம் எண்டு சொல்லுறதுக்கு ஏன் உந்த டோன்ட்?”

அதற்குப் பிறகு பாடத்தை மொட்டை மாடிக்கு மாற்ற வேண்டும் என்றார் சின்னம்மா. அங்கே காற்று அதிகம், உச்சரிப்பு நன்றாக வரும் என்று காரணம் சொன்னார். காயப்போட்ட சேலைகளுக்கு நடுவே அவர் கேட்ட கேள்விகள் அப்பாவின் பட்டியலில் இல்லாதவை. எழும்புவதும் படுப்பதும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒரு விசயம் வெளியில் போனால் தனக்குக் கரைச்சல் என்று ஒருத்தி எப்படிச் சொல்லுவாள்? நான் யோசித்து, இரண்டு கெட்களைப் பொருத்தி ஒரு வாக்கியம் செய்து கொடுத்தேன்: “இஃப் இட் கெட்ஸ் அவுட், ஐ கெட் இன்டு ட்ரபிள்.” ஓரிடத்தில் மாட்டிக்கொண்டவள் தன்னை விடுவிக்க உதவி கேட்பது எப்படி? “ஹெல்ப் மீ கெட் அவுட்.” என் மனதில் வந்தது கிணற்றுக்குள் விழுந்த ஒரு சிறுமி. மேலே நிற்பவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அறிவுறுத்தினேன். சின்னம்மா மெதுவாகவே சொன்னார். துணிகளை மடித்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, திரும்பத் திரும்பச் சொன்னார்.

நேர்முகத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை அம்மா எங்களைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குக் கூட்டிப்போனார். நாங்கள் சைவம்தான், ஆனால் விசா விடயத்தில் கொழும்பில் யாரும் சமயம் பார்ப்பதில்லை. முழங்காலில் நின்ற அந்த வரிசையில் கொழும்பின் எல்லாச் சாதிச் சனமும் நின்றது. இரண்டு சகோதரிகளும் ஒரே சுடரில் ஒருவர்பின் ஒருவராக மெழுகுதிரி கொளுத்தினார்கள். நான் அவர்களுக்கு நடுவே முழங்காலிட்டு, சின்னம்மாவின் காதுக்குள், “இவர் வெளிநாட்டுச் சாமி, கெட் போட்டுக் கேளுங்கோ” என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே தலையசைத்தார். ஒரே புனிதரிடம், ஒரே நேரத்தில், தோளோடு தோள் முட்ட, அக்காவும் தங்கையும் எதிரெதிரான இரண்டு வரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அந்தோனியாருக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

நேர்முக நாள் பாடசாலை விடுமுறைக்குள் வந்தது. என்னையும் கூட்டிப்போக வேண்டும் என்று சின்னம்மா கேட்டார். தூதரகத்துக்கு எதிரே ஒரு மரத்தடியில் அப்பாவும் நானும் காத்திருந்தோம். காவலுக்கு நின்ற சிப்பாய், “மெத்தன இன்ட எபா” என்று சிங்களத்தில் எங்களை நகரச் சொன்னான். “ஹரி மாத்தயா” என்று அப்பா நகர்ந்தார். அடுத்த மரத்துக்குப் போனோம். அங்கும் ஒரு சிப்பாய். இப்படி மரம் மரமாக நடந்து திரும்பிக்கொண்டிருந்தபோது சின்னம்மா வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. நெற்றியிலிருந்த வியர்வையை மட்டும் துடைத்துக்கொண்டார்.

“என்ன கேட்டவை?”

“எல்லாம் கேட்டவை, அத்தான்.”

“அவர் நிண்டவர்தானே? வடிவாச் சொல்லிக் குடுத்தவரோ?”

“அவர் வேண்டாமெண்டிட்டன். நான் இங்கிலிசிலயே கதைச்சனான்.”

அப்பா நடைபாதையில் நின்றுவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். என் தலையில் கையை வைத்தார். வெள்ளவத்தைக்கு வந்ததும் எங்களை ஒரு கூல் பாருக்குள் கூட்டிப்போய் மூன்று பலூடா வாங்கினார். காசுமேசைக்காரரிடமும் பக்கத்து மேசைக்காரரிடமும், ஊரிலிருந்து வந்த தன் மச்சாள் மொழிபெயர்ப்பாளரை விலத்திவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்ன கதையைச் சொன்னார். சின்னம்மா நீண்ட கரண்டியால் அடியில் கிடந்த கசகசாவைத் துழாவிக்கொண்டு இருந்தார். பாவம், களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

சில வாரங்களில் பதில் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது, உறவு உண்மையானதென்று அதிகாரிக்குத் திருப்தி இல்லையாம். அப்பா அதை நின்றபடி வாசித்து, இருந்தபடி மறுபடி வாசித்தார். அம்மா அழுதார். “அந்த மனுசனை வைச்சுக் கதைச்சிருந்தா இப்பிடி வந்திருக்குமோ?” என்று தங்கையைக் கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் மறுபடியும் அழுதார். அப்பா அவரைத் தடுத்தார்.

“அவளை ஏசாதையும். நான்தான் உந்தக் கெட்டைத் தலைக்குள்ள ஏத்தினது. ஒரு சொல்லை வைச்சுக்கொண்டு கப்பல்காரனோட கதைக்கலாம். வாழ்க்கைக் காரியம் கதைக்கலாமோ?”

அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் அவர் விரல் மடிக்கவேயில்லை. மேன்முறையீடு செய்யலாம் என்று அவர் எழுதியதற்கு, படிக்காத பெண்ணைத் தன் தலையில் கட்டப் பார்த்ததாக மாப்பிள்ளையிடமிருந்து பதில் வந்தது; அத்தோடு அந்தக் கதை முடிந்தது. சின்னம்மாவைத் திருப்பி ஊருக்கு அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. பாலர் பாடசாலை ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்கள். பொலிஸ் படிவத்தில் அப்பா காரணத்தைப் படிப்பு என்று மாற்றினார்.

இப்போது சின்னம்மா கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். பழைய வீடொன்றின் முன்பகுதியில் பாலர் பாடசாலை நடத்துகிறார். எல்லாப் பிள்ளைகளும் அவரை மிஸ் என்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் போயிருந்தேன். அவர் தேநீர் ஊற்றிக்கொண்டே, நான் கேட்காத ஒன்றைச் சொன்னார். அந்த அதிகாரி வயதான ஒரு பெண்மணி. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டபோது, ‘கெட்’ என்றுதான் கேட்டாராம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பாதிப் பயம் போய்விட்டது என்றார் சின்னம்மா.

“‘பிளீஸ் டோன்ட் கெட் ஹிம்’ எண்டன். பிறகு நீ சொல்லித் தந்ததெல்லாத்தையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாச் சொன்னன். அவ பேனையை வைச்சிட்டு என்னையே பாத்தா. பிறகு எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினா.”

தமிழில் அவர் எதைச் சொல்லியிருந்தாலும் அது மீன் கடை வழியாக அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். சாத்தக்கூடிய கதவு அவருக்கு அந்த மொழியில் மட்டுமே இருந்தது.

ஆனால் என் நினைவில் முந்தி நிற்பது பதில் வந்த அன்றைய பின்னேரம். அம்மா அறைக்குள் படுத்திருந்தார். அப்பா வெளியே போய்விட்டார். நான் மொட்டை மாடிப் படியில் இருந்து அழுதுகொண்டிருந்தேன். என் மாணவி சித்தியடையவில்லை. சின்னம்மா வந்து என் கையைப் பிடித்து எழுப்பினார். படிகளில் இறங்கி, ஒழுங்கையில் நடந்து, ரயில் வருகிறதா என்று இருபக்கமும் பார்த்து, பாதையைத் தாண்டினோம். அவ்வளவு காலமும் தாண்டாதவர் ஏன் இன்று தாண்டுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் செருப்பைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டு, முழங்கால்வரை கடலுக்குள் இறங்கினார். அலை வந்து பாவாடையை நனைத்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஒபிசர், ஐ ஆம் கெட்டிங் வெட்.”

“எல்லாக் கெட்டும் சொன்னனீங்களோ?” என்று கரையில் நின்றபடி கேட்டேன். என் குரல் இன்னும் அழுகையில்தான் இருந்தது.

“ஒண்டும் விடேல்ல, குஞ்சு. எல்லாம் சொன்னனான்.”

எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியும் கனடா கிடைக்கவில்லை என்றால், பிழை சின்னம்மாவில் இல்லை, அந்தச் சொல்லில்தான் இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய தோல்விக்குப் பிறகு ஒருவர் இப்படிச் சிரிப்பது எனக்காகத்தான் என்றும், என்னைத் தேற்றுவதற்காக அவர் நடிக்கிறார் என்றும் நம்பினேன். அந்தக் கருணைக்குக் கைம்மாறாக, அங்கேயே, அவருடைய செருப்புகளுக்குக் காவலாக நின்றுகொண்டு, அடுத்த நேர்முகத்துக்கு அவருக்கு வேறொரு வினையைக் கற்றுக்கொடுப்பதென்று முடிவுசெய்தேன்.